ரிச்சர்ட்சனா ஜோன்ஸா: கை பலம்னா என்னன்னு முதல்ல பேசுவோம்

ஜூலை 28, 2025

இண்டியானாபொலிஸ்ல இப்ப நாலு பேர் கூடினா பேச்சு ஒண்ணுதான், நம்ம அமெரிக்கன் ஃபுட்பால் டீம் கோல்ட்ஸ்ல இந்த வருஷம் யாரு குவார்ட்டர்பேக், அதாவது பாலை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர். அந்தோணி ரிச்சர்ட்சனா, டேனியல் ஜோன்ஸா. நான் ரிச்சர்ட்சன் கட்சி. காரணம் கை. ரெண்டு பேர் எறியிறதையும் பக்கத்துல நின்னு பாத்தவங்க இதை ஒரு போட்டின்னே சொல்ல மாட்டாங்க.

போன வாரம் பையனைக் கூட்டிக்கிட்டு வெஸ்ட்ஃபீல்ட் கிராண்ட் பார்க் போயிருந்தேன், டீமோட பயிற்சி கேம்ப் அங்கதான் நடக்குது, கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னா ப்ளேயருங்க ரொம்பக் கிட்டத்துல வருவாங்க. ரிச்சர்ட்சன் எறிஞ்ச பால், அதைப் பிடிக்க ஓடுற ரிசீவர் கையில விழுற சத்தம் இருக்கே, ஈரத்துணியைத் துவைக்கிற கல்லுல ஓங்கி அடிச்ச மாதிரி. ஜோன்ஸ் எறிஞ்சா சத்தம் கம்மி, பால் கைக்குள்ள போய் உக்காந்துக்குது. பையன் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிட்டு சத்தத்தை மட்டும் கேட்டு யாரு எறிஞ்சதுன்னு சொல்லிட்டு இருந்தான், பத்துக்கு எட்டு சரியா சொன்னான்.

போன வருஷம் ஹூஸ்டனுக்கு எதிரா முதல் மேட்ச்ல ரிச்சர்ட்சன் ரிசீவர் அலெக் பியர்ஸுக்குப் போட்ட 60 யார்டு டச்டவுன் (எதிரணி எல்லைக்குள்ள பாலைக் கொண்டுபோய் எடுக்கிற ஸ்கோர்) ஞாபகம் இருக்கா? பின்னாடி சாஞ்சுக்கிட்டே, முன்கால் சரியா ஊணாம எறிஞ்சாரு, அந்தப் பால் காத்துல மட்டும் 60 யார்டுக்கு மேல போச்சு. கிரிக்கெட் பாக்குறவங்களுக்குச் சொல்றேன், பவுண்டரி கயித்துல நின்னு, பின்னாடி விழுந்துக்கிட்டே ஸ்டம்ப் வரைக்கும் தரையில படாம எறியிற மாதிரி. அதுவும் 160 கிராம் பால் இல்ல, 400 கிராம் இருக்கிற பால்.

இப்படி ஒரு கை வீட்டுலயே இருக்கும்போது 14 மில்லியன் டாலர் குடுத்து ஜோன்ஸை ஏன் கூட்டிட்டு வரணும்? புரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜூலை 29

மேல ஒருத்தர் 47.7 அப்படின்னு ஒரு நம்பர் மட்டும் போட்டுட்டுப் போயிருக்காரு. தெரியும். 2024ல ரிச்சர்ட்சன் எறிஞ்சதுல பிடிபட்டது 47.7 சதவீதம், 264க்கு 126, ரெகுலரா ஆடின குவார்ட்டர்பேக்ல கடைசி இடம். 8 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி கையில போன பால். நான் மறைக்கல. ஆனா அவரு எறிஞ்சதெல்லாம் எவ்வளவு தூரத்துக்குன்னும் பாக்கணும்ல. அஞ்சு யார்டுல சும்மா கையில குடுத்துட்டுப் போறவரோட சதவீதத்தையும் முப்பது யார்டுக்கு அடிக்கிறவரோட சதவீதத்தையும் ஒரே தராசுல வைக்கக் கூடாது. அதே வருஷம் பியர்ஸ் ஒரு கேட்சுக்கு சராசரி 22.3 யார்டு எடுத்து லீக்லயே முதல் ஆளா வந்தாரு. நடுவுல இன்னொரு குவார்ட்டர்பேக் ஜோ ஃப்ளாக்கோவும் எறிஞ்சாரு, ஒத்துக்குறேன், ஆனா அதுல பெரிய பங்கு யாரோட கைன்னு மேட்ச் பாத்தவங்களுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 2

வெறும் வாயால பேசாம கணக்கு போட்டுப் பாக்கலாம்னு உக்காந்தேன்.

கை பலம்னு டிவில காட்டுறது எப்பவும் தூரம்தான். ஆனா கேம்ல உண்மையா கை பலம் கேக்குற த்ரோ தூரமானது இல்ல, அவுட். ரிசீவர் நேரா 12 யார்டு ஓடி சட்டுனு சைட்லைன் பக்கம் திரும்புவாரு. பேருதான் 12 யார்டு. பால் எதிர்ப் பக்கத்து ஹாஷ்ல இருந்து (ஆட்டம் தொடங்குற இடத்துக்காக கிரவுண்டுல போட்ட ரெண்டு வரிசைக் கோடு) ஸ்னாப் ஆச்சு, அதாவது குவார்ட்டர்பேக் கைக்கு வந்துச்சுன்னு வைங்க, குவார்ட்டர்பேக் பின்னாடி ஒரு 7 யார்டு போவாரு, அதனால முன்னாடி போக வேண்டிய தூரம் 19, குறுக்க போக வேண்டியது கிட்டத்தட்ட 33, ரெண்டையும் வெச்சு கோடு போட்டா 38 யார்டு. பேப்பர்ல 12 யார்டு, காத்துல 38. அதுவும் வளைஞ்சு மேல போய் இறங்க முடியாது, ரிசீவரைக் காவல் காக்கிற எதிரணி கார்னர்பேக் வந்து தூக்கிட்டு அப்படியே டச்டவுனுக்கு ஓடிடுவான். படுத்தாப்ல, நேரா போகணும். இந்த ஒரு த்ரோவை வெச்சுத்தான் பழைய ஸ்கௌட்டுங்க ஒருத்தன் கையை எடை போடுவாங்க.

இதுல ரிச்சர்ட்சன் எங்க, ஜோன்ஸ் எங்க.

ஆகஸ்ட் 4

திருத்தம். மேல 38ன்னு எழுதினது தப்பு. ஒரு நண்பர் தனியா சொன்னாரு. நான் போட்டது என் பையன் ஆடுற ஸ்கூல் கிரவுண்டோட ஹாஷ், அது கிரவுண்டை மூணா பிரிக்கும். கோல்ட்ஸ் ஆடுற தொழில்முறை லீக் என்எஃப்எல்ல ஹாஷ் ரெண்டும் நடுவுல நெருக்கமா இருக்கும், சைட்லைன்ல இருந்து 70 அடி 9 இன்ச். அப்ப குறுக்க போறது 27 யார்டு, மொத்தம் 33 தான் வருது. அஞ்சு யார்டு சும்மா இல்ல, பெரிய வித்தியாசம். ஸ்கூல்லயும் காலேஜ்லயும் பெரிய கை இருக்கிறவன் ஏன் அவ்வளவு தனியா தெரியறான்னு இப்பதான் எனக்கே உறைச்சுது, அங்க கிரவுண்டு அவன் கைக்கு சாதகமா அகலமா இருக்கு. மேல வந்ததும் கிரவுண்டு சுருங்கிடுது.

அதே நண்பர் வேகத்தையும் கணக்குல எடுன்னாரு. எடுத்தேன். கம்பைன்ல, அதாவது காலேஜ் ப்ளேயருங்களைச் சோதிக்கிற முகாம்ல, குவார்ட்டர்பேக் எறியிற வேகத்தை ரேடார் வெச்சு அளப்பாங்க. 2018ல ஜோஷ் ஆலன் மணிக்கு 62 மைல், அதாவது நம்ம கணக்குல 100 கிலோமீட்டர். 2017ல மஹோம்ஸ் 60. சரி, கீழ யாரு? டெஷான் வாட்சன் 49. லமார் ஜாக்சன் 49. லமார் ரெண்டு தடவை எம்விபி, லீக்லயே சிறந்த ஆட்டக்காரர்!

60 மைல்ல போற பால் ஒரு செகண்டுக்கு 29 யார்டு, 50 மைல்ல போறது 24 யார்டு. காத்தோட தடையை விட்டுட்டா 25 யார்டு த்ரோல வித்தியாசம் 0.17 செகண்டு. கார்னர்பேக் செகண்டுக்கு 9 யார்டு ஓடுவான்னா அந்த நேரத்துல ஒண்ணரை யார்டு கிட்ட வந்துடுவான். ஒண்ணரை யார்டு ஒரு பாலைத் தட்டிவிடப் போதும்தான். ஆனா இதையே திருப்பிப் பாருங்க, 50 மைல்ல எறியிறவன் கால் செகண்டு முன்னாடி பாலை விட்டுட்டான்னா? 60 மைல்காரனோட பாலுக்கு முன்னாடியே அவன் பால் போய்ச் சேந்துடும்.

இதை எழுதும்போதே என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காணுது. ஆனாலும் இன்னும் ரிச்சர்ட்சன் பக்கம்தான்.

ஆகஸ்ட் 8

நேத்து பால்டிமோர்ல ரிச்சர்ட்சனுக்கு விரல். மனசே சரியில்ல.

ஆகஸ்ட் 8, ராத்திரி

விவரம் கேட்டவங்களுக்கு: ப்ரீசீசன் முதல் மேட்ச், ஒரு சைடுல இருந்து பால்டிமோர் ஆளு டேவிட் ஒஜாபோ தடுக்க ஆளே இல்லாம வந்து சாக் பண்ணினாரு, அதாவது எறியிறதுக்கு முன்னாடியே கீழ சாய்ச்சாரு, எறியிற கையில சுண்டு விரல் பிசகிடுச்சு. ஸ்னாப்புக்கு முன்னாடியே அந்த ஆள் வருவான்னு பாத்து ப்ரொட்டெக்ஷனை, அதாவது தன்னைக் காக்கிற ஆளுங்க நிக்கிற விதத்தை, மாத்தியிருக்கணும். இவ்வளவு நாளா கையைப் பத்தி எழுதினேன், அந்தக் கை எப்ப எப்ப படுத்துக்குதுன்னு எழுதவே இல்ல. 2023ல நாலே மேட்ச், வலது தோள்ல ஏசி ஜாயிண்ட், ஆபரேஷன், சீசன் காலி. இந்த ஜூன்ல அதே தோள் மறுபடி வலிச்சு மினிகேம்ப்ல எறியல. இப்ப விரல். 23 வயசுப் பையன்.

தோள் வலி எப்படின்னு எனக்குத் தெரியும். திருச்சில காலேஜ் டீம்ல ஆடின காலத்துல வார்ம்அப் இல்லாம பவுண்டரில இருந்து ஒரு த்ரோ அடிச்சேன், உள்ள ஏதோ நார் பிரிஞ்ச மாதிரி இருந்துச்சு. வலி ஒரு மாசத்துல போயிடுச்சு. பயம் போக ரெண்டு வருஷம் ஆச்சு. கையைத் தூக்கும்போதெல்லாம் உடம்பு தானா வேற வழி தேடும், முழங்கை இறங்கும், இடுப்பு முன்னாடியே திரும்பிடும், பால் எங்கயோ போகும். எறியிறதுங்கிறது கையில இருந்து வர்றது இல்ல, காலு தரையை உந்தி, அது இடுப்புக்கு ஏறி, முதுகு திரும்பி, கடைசியா தோள் வழியா விரலுக்கு வருது. தோள் பயந்தா கீழ எல்லாம் குழம்பும். ரிச்சர்ட்சன் பால் சில நேரம் ரிசீவர் தலைக்கு மேல போறதுக்கு மண்டையில கோளாறுன்னு எழுதுறவங்க இதையும் யோசிக்கணும்.

ஆகஸ்ட் 13

நேத்து சாயங்காலம் பையனோட ப்ராக்டிஸ். ஏழாங்கிளாஸ் டீம், அங்கயும் ரெண்டு குவார்ட்டர்பேக், அங்கயும் யாரு ஸ்டார்ட் பண்றதுன்னு தகராறு. ஒரு பையன் வளத்தியா, கை நல்ல கை, 40 யார்டு அசால்ட்டா போடுறான். இன்னொருத்தன் ஒல்லிக்குச்சி. நான் மொபைல்ல ஸ்லோமோ எடுத்தேன், ரெண்டு பேரும் ஒரே அவுட்டை ஒரே ரிசீவருக்கு அஞ்சஞ்சு தடவை எறிஞ்சாங்க. வீட்டுக்கு வந்து ஸ்னாப்ல இருந்து பால் ரிசீவர் கையில படுற வரைக்கும் எவ்வளவு நேரம்னு பாத்தா அஞ்சுல நாலு தடவை ஒல்லிக்குச்சியோட பால்தான் முதல்ல போயிருக்கு!

காரணம் ஃப்ரேம் ஃப்ரேமா ஓட்டிப் பாத்தா பச்சையா தெரியுது. பெரிய கைக்காரன் ரிசீவர் திரும்பி முகத்தைக் காட்டுற வரைக்கும் காத்திருக்கான், அவனுக்கு நம்பிக்கை, எப்ப விட்டாலும் சேத்துடலாம்னு. பாலைக் காதுகிட்ட கொண்டுபோய் அப்புறம் ஒரு தடவை கீழ இறக்கி மறுபடி தூக்குறான். ஒல்லிக்குச்சிக்கு அந்த வசதி இல்ல, லேட்டா விட்டா சேராதுன்னு அவனுக்குத் தெரியும், அதனால ரிசீவர் இன்னும் முதுகைக் காட்டிட்டு ஓடும்போதே பால் கையை விட்டுப் போயிடுது. ரிசீவர் திரும்பினா மூஞ்சிக்கு நேரா பால்.

இதைப் பாத்ததும் எங்க காலேஜ் கேப்டன் ஞாபகம் வந்துச்சு, பாயிண்ட்ல நிப்பாரு, கையில பெரிய பலம் கிடையாது, ஆனா பாலை எடுக்கிறதும் விடுறதும் ஒரே அசைவு. பேட்ஸ்மேன் பாதி பிட்ச்ல நிக்கும்போது ஸ்டம்ப் பறக்கும். நான் அவரை விட வேகமா எறிவேன், ஆனா என்னால ரன்அவுட் ஆனவங்க கம்மி.

ஆகஸ்ட் 14

தம்பி, நீங்க கேட்டது நியாயம். ஏழாங்கிளாஸ் பசங்க எறியிறதை வெச்சு என்எஃப்எல்லுக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. நான் தீர்ப்பு சொல்லல, எனக்கு எது எங்க உறைச்சுதோ அதை எழுதினேன்.

ஆகஸ்ட் 19

கோச் ஷேன் ஸ்டைகென் சொல்லிட்டாரு. ஜோன்ஸ்.

ஆகஸ்ட் 20

நேத்து கோவத்துல ஒரு வரியோட நிறுத்திட்டேன். இப்ப நிதானமா.

கோச் சொன்ன காரணத்துல கைங்கிற வார்த்தையே இல்லங்கிறதுதான் எனக்கு முக்கியமா படுது. ஸ்னாப்புக்கு முன்னாடி லைன்ல நின்னு செய்யிற வேலை, ப்ரொட்டெக்ஷனை மாத்துறது, செக் பண்றது, தினமும் ஒரே மாதிரி இருக்கிறது, இதைத்தான் சொன்னாரு. அதாவது பால் கைக்கு வர்றதுக்கு முன்னாடி நடக்கிற விஷயங்கள். பால்டிமோர்ல அந்த விரலும் அங்கதான் போச்சு.

ஜோன்ஸ் கை மோசம்னு யாரும் நினைக்க வேணாம். 6 அடி 5 இன்ச், 2019ல ஆறாவது பிக், நல்ல என்எஃப்எல் கைதான், பெரிய கை இல்ல அவ்வளவுதான். நியூயார்க் ஜயன்ட்ஸ்ல ஆறு வருஷம் அடி வாங்கி, 160 மில்லியன் ஒப்பந்தம் போட்டு, முட்டில ஏசிஎல் தசைநார் கிழிஞ்சு, போன நவம்பர்ல வெளிய அனுப்பப்பட்டு, மினசோட்டா ப்ராக்டிஸ் ஸ்குவாட்ல போய் உக்காந்து மறுபடி பாடம் படிச்சவரு. அடி வாங்கினவனுக்கு பாலை சீக்கிரம் விடணும்னு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல.

ஆனா ஒண்ணு, இதை நான் விடவே மாட்டேன். பெரிய கை எறியாத நேரத்துலயும் வேலை செய்யும். ரிச்சர்ட்சன் உள்ள இருந்தா, எதிரணில கடைசிக் காவலா நிக்கிற சேஃப்டி ரெண்டு பேரும் பயந்து ரெண்டு மூணு யார்டு பின்னாடி நிப்பாங்க, அந்த இடத்துல, பாலைத் தூக்கிட்டு ஓடுற நம்ம ஜோனதன் டெய்லர் புகுந்து ஓடுவாரு. இந்த லாபம் எந்தக் கணக்குலயும் கைக்குப் பக்கத்துல எழுதப்படாது. ஜோன்ஸ் உள்ள வந்ததும் சேஃப்டி முன்னாடி வந்து பெட்டியில (பால் ஸ்னாப் ஆகுற இடத்துக்குக் கிட்ட) உக்காந்துக்குவான், பாத்துக்கிட்டே இருங்க.

செப்டம்பர் 8

நான் சொன்னது நடக்கல. டால்ஃபின்ஸை 33-8ன்னு ஜெயிச்சோம். கிடைச்ச ஒவ்வொரு பொசஷன்லயும் பாயிண்ட், ஒரு பண்ட் கூட இல்ல, அதாவது முடியாம பாலை எதிரணிக்கு உதைச்சுக் குடுக்கவே இல்ல. ஜோன்ஸ் 29க்கு 22, 272 யார்டு. லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துல மேல்தட்டுல உக்காந்து பாத்தேன், மேல இருந்து பாத்தா டிவில தெரியாததெல்லாம் தெரியும். சேஃப்டி முன்னாடி வரத்தான் பாத்தான். ஆனா அவன் ஒரு அடி எடுத்து வைக்கும்போதே பால் அவன் விட்டுட்டு வந்த இடத்துக்குப் போயிடுச்சு. ரிசீவர் ஒருத்தரும் நின்னு பால் பிடிக்கல, ஓட்டத்துலயே வாங்கிட்டுப் போறாங்க.

பக்கத்து சீட்ல வயசான ஒருத்தர், இந்த ஊர்ல பழைய குவார்ட்டர்பேக் மேனிங் ஆடின காலத்துல இருந்து சீசன் டிக்கெட் வெச்சிருக்காராம். பேட்டன் மேனிங்குக்குக் கழுத்து ஆபரேஷனுக்கு அப்புறம் பால் தள்ளாடித்தான் போகும், டென்வர்ல 2013ல 55 டச்டவுன் போட்டது அந்தத் தள்ளாடுற பாலைத்தான்னு சொன்னாரு. எனக்கு அந்த நம்பர் தெரியும், ஆனா இந்த விவாதத்துல அதை நானா ஏன் எடுக்கலன்னு யோசிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன்.

செப்டம்பர் 15

29-28, ப்ராங்கோஸ். கடைசில, பாலை உதைச்சு பாயிண்ட் எடுக்கிற நம்ம கிக்கர் ஷ்ரேடர் 60 யார்டு அடிச்சு மிஸ் ஆகி, பெனால்டி வந்து, 45ல மறுபடி அடிச்சு ஜெயிச்சோம். தொண்டை போயிடுச்சு. ரெண்டு மேட்ச்லயும் பண்ட் இல்ல. கை பலம் பத்தி இன்னைக்கு எதுவும் எழுதப் போறதில்ல.

அக்டோபர் 13

ரிச்சர்ட்சனுக்குக் கண்ணுக்குப் பக்கத்துல எலும்பு முறிவு. ஆடும்போது இல்ல, கார்டினல்ஸ் மேட்சுக்கு முன்னாடி வார்ம்அப்ல, உடற்பயிற்சிக்கு இழுக்கிற ரப்பர் பேண்ட் தெறிச்சு. தோளை சூடு பண்ணிக்கத்தான் எல்லாரும் அந்த பேண்டை இழுக்கிறது. இதுக்குக் கீழ சிரிப்பு போட்ட ரெண்டு பேரும் தயவுசெஞ்சு அதை எடுத்துடுங்க. அந்தப் பையனுக்கு வேலை பறிபோச்சு, இப்ப கண்ணு. பையன் சாப்பிடும்போது இனிமே அவரு எறிய மாட்டாராப்பான்னு கேட்டான். கண்ணு சரியானா எறிவாருன்னு சொன்னேன். கிராண்ட் பார்க்ல கேட்ட அந்தச் சத்தத்தை அவன் இன்னும் மறக்கல.

டிசம்பர் 8

ஜாக்சன்வில்ல ஜோன்ஸுக்கு அக்கிலிஸ், குதிகால் நார் கிழிஞ்சுடுச்சு. ஏற்கனவே காலு எலும்புல விரிசலோட ஆடிட்டு இருந்தவரு. தரையை உந்துற காலு இல்லன்னா கை எதுக்குன்னு ஆகஸ்ட்ல நானே எழுதியிருந்தேன், அதை இப்ப படிச்சா ஒரு மாதிரி இருக்கு.

இனி யாரு? ரைலி லெனர்ட், ரூக்கி, முதல் வருஷ ஆளு.

டிசம்பர் 10

ஓய்வு பெற்ற பழைய குவார்ட்டர்பேக் ஃபிலிப் ரிவர்ஸைக் கூட்டிட்டு வந்துட்டாங்க!! 44 வயசு. கடைசியா ஆடினது 2021 ஜனவரி. தாத்தா ஆயிட்டாரு. ஆடின காலத்துலயே பந்தைத் தோள்ல இருந்து தள்ளுற மாதிரிதான் எறிவாரு, கடைசி வருஷங்கள்ல பால் எப்படா போய்ச் சேரும்னு நாமளே கூடச் சேந்து ஊதணும் போல இருக்கும். கை பலம்னு ஒரு வரிசை போட்டா இந்த வருஷம் கோல்ட்ஸ்ல இருந்த எல்லாருக்கும் கீழ இவருதான்.

டிசம்பர் 15

நேத்து சியாட்டில். முழுசா எழுதணும், இந்த இழை ஜூலைல ஆரம்பிச்சதே இதுக்குத்தானோன்னு தோணுது.

சியாட்டில் டிஃபன்ஸ் எவ்வளவு நல்ல டிஃபன்ஸ்னு எல்லாருக்கும் தெரியும். அந்த சத்தத்துல 44 வயசு ஆளு வந்து நின்னு ஸ்னாப்புக்கு முன்னாடி கையைக் காட்டி இவன் வருவான் அவன் வருவான்னு ஆளை நகத்தி வைக்கிறாரு. பால் கையில ஒரு நொடி தங்கல. ஜாஷ் டௌன்ஸுக்கு ஒரு டச்டவுன். 27க்கு 18, ஆனா யார்டு 120 தான். ஒல்லிக்குச்சிப் பையன் ஸ்லோமோல செஞ்சதுதான், 44 வயசுல.

அப்புறம் கடைசி நிமிஷம். நம்ம கிக்கர் 60 யார்டு அடிச்சு 16-15ன்னு முன்னாடி போனோம், 47 செகண்டு இருந்துச்சு. சியாட்டில் கிக்கர் ஜேசன் மையர்ஸ் 56 யார்டு அடிச்சு 18-16 ஆக்கிட்டாரு, மிச்சம் 18 செகண்டு. இப்ப என்ன பண்ணணும்? ஒரே ஒரு நீளமான பால், சைட்லைன் பக்கம், படுத்தாப்ல, வேகமா. கடிகாரத்தை நிறுத்தணும், கிக்கர் உதைக்கிற (ஃபீல்ட் கோல்) தூரத்துக்குப் போகணும். ஆகஸ்ட் 2ல நான் எழுதின அதே த்ரோ. சியாட்டில் சேஃப்டிங்களுக்கு அது தெரியும், இந்தக் கையால என்ன முடியும்னும் தெரியும். ரிவர்ஸ் எறிஞ்ச பால் இன்டர்செப்ஷன். முடிஞ்சுது.

அறுபது நிமிஷ ஆட்டத்துல 59 நிமிஷமும் அந்த ஆளு கையில்லாமலே சமாளிச்சாரு, கடைசி 18 செகண்டுல கை கேட்டுச்சு. சீக்கிரம் விடுறதால கிடைக்கிற கால் செகண்டுல நான் கண்டுபிடிச்ச கணக்கெல்லாம் சரிதான், ஆனா எல்லாரும் எங்க எறியப் போறன்னு தெரிஞ்சு நிக்கும்போது அந்தக் கால் செகண்டு கிடைக்காது. அங்க சத்தம் போட்டு வந்து விழுற பால்தான் வேணும்.

ஜோன்ஸ் சரியான ஆளுதான், ஆகஸ்ட்ல கோச் எடுத்த முடிவு சரி, அதை முழு மனசோட சொல்றேன். ஆனா நேத்து டிவிக்கு முன்னாடி உக்காந்திருந்தப்ப பையன் மெதுவா ஒரே ஒரு பேருதான் சொன்னான், ரிச்சர்ட்சன்னு. நான் பதில் சொல்லல. இன்னைக்கு காலையில வெளிய பனி கொட்டிக் கிடக்கு, அவன் கையுறை போட்டுக்கிட்டு பாலைக் கையில வெச்சுட்டு வாசல்ல நிக்கிறான், அவுட் ரூட் ஓட நான் வரணுமாம்.